ஊர்ப் பெயர் இல்லாத புவியியல்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த டியூட்டரி. அங்கே உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்த சேர் கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன்.

டியூட்டரியை நடத்தியவர் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். என் பட்டச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது.

"கம்பஸ் போகாமல் வெளிவாரியோ?"

"ஆமா சேர்."

அந்த 'ஆமா' அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. அவருடைய யாழ்ப்பாணத்து ஊர்க்காரர் 'ஓம்' என்பார்கள். நான் எந்தப் பக்கம் என்பதை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

"ரெண்டு சனிக்கிழமை தாறன். ரெண்டாவது சனிக்கிழமையும் பிள்ளையள் வந்து இருந்தா வகுப்பு உம்மடை. வராட்டி குறை நினைக்கக் கூடாது."

"சரி சேர்."

"இன்னொண்டு. பிள்ளையளின்ர கதை ஒண்டும் கேக்க வேண்டாம். பாடத்தை மட்டும் நடத்தும். உம்மட்ட எந்த இடம் எண்டு ஆரும் கேட்டா, கொழும்பு எண்டு சொல்லும்."

"ஏன் சேர்?"

"தாய் தேப்பன்மார் ஒரு மாதிரி. யாழ்ப்பாணத்துச் சேர் படிப்பிச்ச வகுப்பு. இப்ப மலைநாட்டுப் பிள்ளை எண்டா..." மிச்சத்தை மின்விசிறியிடம் விட்டுவிட்டார்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆணிக்கும் கம்பிக்கும் பில் எழுதிய கையால்தான் பட்டப் பரீட்சையும் எழுதினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் அம்மா, அப்பா, அக்கா மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். இத்தனை தூரம் வந்தது பில் எழுதுவதற்காக இல்லை. ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். அரசாங்க நியமனம் வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருக்க நான் தயாரில்லை.

முதல் சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். சிப்பாய் என் பையைத் திறந்து, உள்ளே இருந்த சோக்குக் கட்டிகளைப் பார்த்தான்.

"கொஹெத?" எங்கே என்று சிங்களத்தில் கேட்டான்.

"பந்தியட்ட," என்றேன். வகுப்புக்கு.

என்னை மாணவி என்று நினைத்திருப்பான். கையசைத்து விட்டுவிட்டான். சேலை உடுத்தியும் இப்படியா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

டியூட்டரி மாடியைப் பலகை அடித்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் பொருளியல் வகுப்பு. அவர்களுடைய கேள்வியும் நிரம்பலும், அதாவது தேவையும் அளிப்பும், பலகைக்கு மேலால் வந்து எங்கள் வாங்குகளில் விழும். என் முன்னால் இருபது பேர் வரை இருந்தார்கள். எல்லோர் கையிலும் பழைய சேரின் நோட்ஸ், போட்டோக்கொப்பியில். கீழே கொமியூனிகேஷன் கடையில் அது எப்போதும் கிடைக்கும். அவர் கனடாவில் பனி அள்ளிக்கொண்டிருந்தாலும் இங்கே அவருடைய நோட்ஸ் தினமும் பிறந்துகொண்டிருந்தது.

பாடம் விவசாய முறைகள். பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை, செறிந்த பிழைப்பூதியப் பயிர்ச்செய்கை, பரந்த தானியச் செய்கை, கலப்பு வேளாண்மை, சந்தைத் தோட்டம், பெருந்தோட்டம். ஒவ்வொன்றுக்கும் ஆறு இயல்புகள். கேட்டால் ஆறையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். சரி, செறிந்தது என்றால் என்ன, பரந்தது என்றால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் நோட்ஸைப் புரட்டினார்கள்.

பின் வாங்கில் இருந்த ஒரு உயரமான பெடியன் கையை உயர்த்தினான்.

"மிஸ், எங்கட லொட்ஜ் பல்கனியில ஒரு பால்மாப் பேணிக்குள்ள கறிவேப்பிலை நிக்குது. அது செறிந்ததோ, பரந்ததோ?"

வகுப்பு சிரித்தது.

"ஒரு பேணியில எத்தன செடி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு. மூண்டாவதும் ஒண்டு முளைக்குது."

"தண்ணி?"

"அம்மா காலமையும் பின்னேரமும் ஊத்துவா. இலை பிடுங்கினா ஏசுவா."

"ஒரு பேணி மண்ணு, மூணு செடி, நாளெல்லாம் ஒரு ஆள் காவல். செறிந்ததுதான். பத்துப் பேணிக்கு ஒரு செடி வச்சிட்டு, மாசத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்த்தா பரந்தது."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அந்தத் தைரியத்தில் மாஸ்டர் வேண்டாம் என்றதைச் செய்தேன். அப்போது எனக்கு அது கதை கேட்பதாகத் தோன்றவில்லை. பாடமாகத்தான் தோன்றியது.

"சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்க சொந்த ஊர் எது? அங்க என்ன பயிர் செஞ்சாங்க?"

முன் வாங்கில் இருந்த பிள்ளை, கண்ணாடி போட்டவள், குனிந்து கொப்பியைப் பார்த்தாள்.

"கொழும்பு, மிஸ்."

"கொழும்பு."

"வெள்ளவத்தை, மிஸ்."

"நானும் கொழும்புதான்."

வரிசை வரிசையாகக் கொழும்பு வந்தது. பல்கனிப் பெடியன்கூட, "கொழும்பு ஆறு" என்று தபால்காரனைப் போல வட்டார எண்ணோடு சொன்னான். கடைசி மூலையில் இருந்த ஒரு மெலிந்த பிள்ளை உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் வராவிட்டாலும் அதுவும் கொழும்புதான். பர்தா அணிந்த ஒருத்தியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்றே சொன்னாள்.

"மிஸ், நான் மெய்யாவே கொழும்பு!"

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. யுத்தத்தில் வடக்குக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்த காலம். லொட்ஜ்களில் பொலிஸ் இரவில் தட்டி, யார் எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்கும் காலம். இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், கேட்டால் கொழும்பு என்று சொல்வது. மாஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதேதான்.

மிச்ச நேரத்துக்கு நோட்ஸை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடிப் பிள்ளை பெருந்தோட்டத்தை வாசித்தாள். "ஐந்து, குறைந்த கூலிக்குத் தாராளமாகக் கிடைக்கும் கல்வியறிவற்ற தொழிலாளர்." தெளிவான குரல். அடுத்ததை வாசியுங்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை இரும்புக் கடைக்கு மாஸ்டரின் போன் வந்தது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, நான் என்ன சொன்னனான், நீர் என்ன செய்தனீர்? ஊரைக் கேட்டனீராம். ஒரு தாய் வந்து கத்திப்போட்டுப் போறா. நேற்று அவையின்ர ஒழுங்கையில ஆமி சுற்றிவளைப்பு. அந்த மனுசி நடுங்கிப் போயிருக்கு. 'எங்கட ஊர் அவவுக்கு என்னத்துக்கு, ஆருக்குச் சொல்லப் போறா' எண்டு கேக்கிறா. நான் என்ன மறுமொழி சொல்ல?"

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க சேர்."

"அது எனக்குத் தெரியும். அவவுக்குத் தெரியுமோ? நீர் வராமல் விடும். நான் வேற ஆளைப் பாக்கிறன்."

கடையில் ஒருவர் கூரைத் தகட்டுக்கு பில் கேட்டு நின்றார். நான் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"சேர், ரெண்டு சனிக்கிழமைன்னு சொன்னீங்க. ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு."

"பிள்ளை..."

"ஊர் கேக்க மாட்டேன். அந்த அம்மாவையும் வரச் சொல்லுங்க. வகுப்பு முடியிற வரைக்கும் பின்னால உக்காந்து பாக்கட்டும். அப்பவும் புள்ளைங்க எழும்பிப் போனா நானும் போறேன்."

அவர் போனை வைத்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அதே யோசனை. புவியியல் படிப்பிப்பவள் இடத்தின் பெயரைச் சொல்லாமல் எப்படிப் படிப்பிப்பது? முகத்துவாரம் பஸ்ஸின் நெரிசலில் நின்றபடி யோசித்தேன். கூரைத் தகட்டை அளந்து கொடுக்கும்போதும் யோசித்தேன். ஒன்று மட்டும் விளங்கியது. பிள்ளைகள் மறைத்தது ஊர்ப் பெயரைத்தான். மண்ணை மறைக்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். கண்ணாடிப் பிள்ளை வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கடைசி வாங்கில், அவளுடைய தாய். குடையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி இருந்தார். பலகை மறைப்பின் இடுக்கில் மாஸ்டரின் வெள்ளை வேட்டி தெரிந்தது.

"போன கிழமை நான் கேட்ட கேள்வி பிழை," என்று தொடங்கினேன். "அதனால இன்னைக்கு நான்தான் முதல்ல சொல்லணும். ஊர் பேர் கிடையாது. பயிர் மட்டும். எங்க வீட்ல தேயிலை. மலைச்சரிவு. மழை. அம்மா கொழுந்து எடுக்கிறாங்க, அக்காவும் எடுக்கிறா. நான் கொழும்பு இல்ல."

பலகைக்குப் பின்னால் ஒரு இருமல்.

யாரோ "தோட்டக்காட்டு..." என்று தொடங்கி, தாயைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். மலையகத்தாரை ஏசும் சொல். எனக்குக் கேட்டது. கேட்டதாகக் காட்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தையே பார்த்து நின்றேன், தலை குனியும் வரை.

"இப்ப நீங்க. யாரும் ஊர் சொல்லக்கூடாது. சொன்னா வெளியில அனுப்புவேன். என்ன மண்ணு, எங்கருந்து தண்ணி, என்ன பயிர், விளைஞ்சது எங்க போச்சு. இந்த நாலும் போதும்."

பல்கனிப் பெடியன்தான் எழுந்தான். இந்தத் தடவை பகிடி விடவில்லை.

"குளம், மிஸ். குளத்துக்குக் கீழ வயல். காலபோகம் நல்லா விளையும். தண்ணி மிஞ்சினா சிறுபோகமும் செய்வம். வீட்டுக்கு எடுத்து, மிஞ்சினதை மில்லுக்குக் குடுப்பம். எருமை நிண்டது."

"எருமையோட என்ன செஞ்சீங்க?"

"தயிர். பிறகு... விட்டுட்டு வந்திட்டம்."

கரும்பலகையில் குளம், நெல், எருமை, தயிர் என்று எழுதினேன். பிழைப்பூதியமா, வர்த்தகமா, அதாவது வீட்டுக்கா விற்கவா என்று கேட்டேன். ரெண்டும் என்றார்கள். நோட்ஸில் ரெண்டும் என்று ஒரு வகை இல்லையே என்றேன். ஒருத்தி, "நோட்ஸ் எழுதினவருக்கு வயல் இல்லைப் போல" என்றாள்.

அடுத்து ஒரு பிள்ளை சேனை சொன்னாள். காட்டை வெட்டி எரித்து, கச்சானும் சோளமும் போட்டு, மண் களைத்ததும் அடுத்த துண்டுக்குப் போவது. அவள் சொல்லச் சொல்ல, நோட்ஸில் இருந்த 'பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை' அமேசனிலிருந்து இறங்கி எங்கள் வாங்கில் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடிப் பிள்ளையின் முறை. தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாயின் முகம் பூட்டிய கதவு மாதிரி இருந்தது.

"எங்கட... செம்மண். கிணறு. வெங்காயம்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. பலகையில் ஒரு பக்கம் நெல், மறு பக்கம் வெங்காயம் என்று எழுதி, "இதில எதுக்கு ஆள் வேலை கூட?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"வயலுக்குத்தான்," என்றான் பல்கனிப் பெடியன். "உழவு, விதைப்பு, அருவி வெட்டு, சூடு அடிப்பு. வெங்காயத்தில என்ன வேலை? நட்டா வளரும்."

கடைசி வாங்கில் குடை நிலத்தில் குத்தியது.

"என்ன சொன்னனீர் தம்பி? நட்டா வளருமோ?"

எல்லோரும் திரும்பினோம்.

"நெல்லு விதைச்சுப் போட்டு வீட்ட போய் நித்திரை கொள்ளலாம். மழை வந்து பாக்கும், குளம் வந்து பாக்கும். வெங்காயத்தை விட்டிட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போகேலுமோ? பாத்தி கட்டவேணும், எரு போடவேணும், தண்ணி மாறவேணும், புல்லுப் பிடுங்கவேணும். கிண்டினா அடுத்தது புகையிலை நிக்கும். மண் ஒரு நாள் சும்மா கிடக்காது. நாங்களும்தான்."

"அன்ரி, அப்ப நீங்கள் சோறு சாப்பிடுறேல்லையோ?"

"சாப்பிடுறம். வெங்காயம் போட்ட கறியோடதான் சாப்பிடுறம்!"

வகுப்பு மேசையில் தட்டியது. பொருளியல் பக்கத்திலிருந்து "சத்தம், சத்தம்" என்று யாரோ பலகையைத் தட்டினார்கள். தாய் இப்போது எழுந்தே நின்றார்.

"கொழும்பில விக்கிறாங்களே பெரிய வெங்காயம், அதுவும் ஒரு வெங்காயமே? எங்கட சின்ன வெங்காயம் உரிச்சா தெரு முனை வரைக்கும் மணக்கும். எங்கட..."

ஊர்ப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய உதடு அந்த முதல் எழுத்துக்குக் குவிந்ததை நான் பார்த்தேன். நிறுத்தினார். வகுப்பும் நிறுத்தியது. பெயரை விழுங்கிவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்கட மண்," என்றார்.

நான் பலகைப் பக்கம் திரும்பி, வெங்காயத்துக்குக் கீழே எழுதினேன். சிறு நிலம். கிணற்று நீர். இடைவிடாத மனித உழைப்பு. மாற்றுப் பயிர். சந்தைக்கு உற்பத்தி.

"செறிந்த பயிர்ச்செய்கை," என்றேன். "எழுதிக்குங்க."

பேனாக்கள் ஓடின. ஆறு இயல்பு என்ற கணக்கை யாரும் பார்க்கவில்லை.

பர்தா அணிந்த பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், எங்களுக்குப் பயிர் இல்ல. வாப்பாக்கு புறக்கோட்டையில மரக்கறி மொத்த யாவாரம். எனக்கு லொறிதான் தெரியும்."

"அதையே சொல்லுங்க. என்ன லொறி முதல்ல வரும்?"

"கீரை லொறியில வராது மிஸ், கிட்டத்தால வாறது. சைக்கிள்லயும் த்ரீவீலர்லயும் வரும். மலையில இருந்து வாற லீக்ஸ், போஞ்சி எல்லாம் லொறி. உருளைக்கிழங்கு எத்தன நாள் பிந்தினாலும் வாப்பா கவலப்பட மாட்டார். கீரை ஒரு மணித்தியாலம் பிந்தினா ஏசுவார்."

அழியும் பொருள் நகருக்குக் கிட்டவும், தாங்கும் பொருள் எட்டவும். ஒரு பக்க நோட்ஸை அவளுடைய வாப்பாவின் ஏச்சு முடித்துவிட்டது.

"அந்த போஞ்சியில கொஞ்சம் எங்க லயத்துக்குப் பின்னால வெளஞ்சதா இருக்கும்," என்றேன். "வேலை முடிஞ்சு வந்து, ஒரு துண்டு நிலத்தில போடுவாங்க. ஒரு மாடும் வளப்பாங்க. பெருந்தோட்டத்துக்குள்ளயே சந்தைத் தோட்டம் இருக்கு, கலப்பு வேளாண்மை இருக்கு."

பிறகு பெருந்தோட்டத்தை எழுதினேன். வெங்காயத்துக்கும் தேயிலைக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டேன். நிலம் யாருடையது? எப்போது நடுவது என்று யார் தீர்மானிப்பது? விளைந்தது யாருடையது? வெங்காயத்துக்கு எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' என்று விடை வந்தது. தேயிலைக்கு எல்லாவற்றுக்கும் 'கம்பனி' என்று வந்தது. கடைசியாக, உழைப்பு யாருடையது என்று கேட்டேன். அதற்கு மட்டும் யாரும் கம்பனி என்று சொல்லவில்லை.

கண்ணாடிப் பிள்ளை கையை உயர்த்தினாள். போட்டோக்கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மிஸ், ஐந்தாவது பொயிண்ட். 'கல்வியறிவற்ற தொழிலாளர்' எண்டு இருக்கு. எழுதலாமோ?"

"சோதனையில எழுதினா ஒருவேளை மார்க்ஸ் கிடைக்கும். என் வகுப்புல கிடைக்காது."

அவள் காத்திருந்தாள். பின்னால் தாயும் காத்திருந்தார்.

"எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. உண்மை. அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப தோட்டத்தில பள்ளிக்கூடம்னு ஒரு அறை. வாத்தியார் வந்தா உண்டு, வராட்டி இல்ல. பத்து வயசில கூடைய மாட்டி மலைக்கு அனுப்பிட்டாங்க. பள்ளிக்கூடம் குடுத்தா கூலியக் கூட்டிக் குடுக்கணும். அதனாலதான் குடுக்கல. காரணத்தை எழுதுங்க, அப்ப நானும் மார்க்ஸ் தாரேன்."

அவள் ஐந்தாவது வரியைப் பேனாவால் வெட்டினாள். வெட்டிய இடத்துக்கு மேலே, சிறிய எழுத்தில், நான் சொன்னதை எழுதத் தொடங்கினாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கியபோது அந்தத் தாய் என்னிடம் வந்தார். கத்துவாரோ என்று நிமிர்ந்து நின்றேன்.

"பிள்ளை, உங்கட அம்மா இப்பவும் அங்கதானோ?"

"ஆமாங்க."

"நீங்கள் நினைச்ச நேரம் போய்ப் பாக்கலாம் என்ன?"

"பாக்கலாம்."

அவர் தலையாட்டினார். குடையைச் சரிபார்த்தார். "அடுத்த கிழமை நான் வரமாட்டன். பிள்ளை தனிய வருவாள்," என்றுவிட்டுப் போனார்.

மாஸ்டர் வாசலில் நின்றார்.

"சத்தம் கூடிப்போச்சு. பொருளியல் சேர் குறை சொல்லுறார்."

"குறைச்சுக்கிறேன் சேர்."

"கொழும்பு எண்டு சொல்லச் சொன்னனான். நீர் கேக்கேல்லை."

"இல்ல சேர்."

அவர் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். கீழே பிள்ளைகள் இன்னும் நெல்லா வெங்காயமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. வகுப்பு உம்மடை."

"அப்ப வாசல் போர்டுல பழைய சேரோட பேரை எடுத்திட்டு என் பேரைப் போடுங்க."

"அவற்ற பேர் கிடந்தா பிள்ளையள் வரும், பிள்ளை."

"வந்திட்டாங்க சேர்," என்று கீழே கையைக் காட்டினேன். "என் பேரைப் போடுங்க. பட்டத்தையும் போடுங்க."

மூன்றாம் சனிக்கிழமை போர்டில் என் பெயர் இருந்தது, பெயின்ட் காயாமல். வாங்குகள் நிரம்பியிருந்தன. அடுத்த பாடத்தின் தலைப்பைப் பலகையில் எழுதினேன். மீன்பிடி.

"விதி அதேதான்," என்றேன். "ஊர் பேர் கிடையாது. யாரு முதல்ல?"

பல்கனிப் பெடியன் வாயைத் திறப்பதற்குள், கடைசி மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முதல் நாள் உதட்டை மட்டும் அசைத்த அந்த மெலிந்த பிள்ளை. போன கிழமை அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எழுந்து நின்றாள். குரல் எங்கள் எல்லோரையும் திடுக்கிட வைத்தது, அவ்வளவு பலமாக இருந்தது.

"மிஸ், எங்கட கடல் ஆழமில்லை."

நான் சோக்கை எடுத்தேன்.

"சொல்லுங்க. அப்ப என்ன வலை போடுவீங்க?"